உபரி வந்தால் ஏரிக்கு எதைக் கேட்பது?

வேலூர் மாவட்டத்தில் பாசனச் சங்கங்களும் விவசாயிகள் அமைப்புகளும் பட்ஜெட்டுக்கு முன்னால் கொடுக்கும் மனுக்களைப் புரட்டினால், 'ஏரிகளைப் பராமரிக்க நீர்வளத் துறைக்குக் கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும்' என்ற வரி ஏதாவது ஒரு வடிவத்தில் கண்ணில் படும். கோரிக்கை சரியானது. ஆனால் அந்த நிதி எந்தப் பணத்திலிருந்து வர வேண்டும், வந்தால் எதற்குச் செலவாக வேண்டும் என்று நாம் எழுதுவதில்லை. அதனால் கொடுப்பவர் நினைத்ததைக் கொடுக்கிறார். ஒரு வருடம் தடுப்பணை வருகிறது, அடுத்த வருடம் ஒன்றும் வருவதில்லை.

ஒரு கேள்வியை மட்டுமாவது நாம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மாநில அரசின் கணக்கில் உபரி விழுந்தால், அதை நீர்வளத் துறையின் நடைமுறைச் செலவுக்குக் கேட்கலாமா? சம்பளம், டீசல், மின் கட்டணம், மதகுப் பராமரிப்பு எல்லாம் அதில் அடங்கும். அல்லது புதிய தடுப்பணை கட்டச் சொல்லலாமா? கடனை அடைக்கட்டும் என்று விட்டுவிடலாமா? வைப்பு நிதியாகப் போடச் சொல்லலாமா? இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்துக்கு உபரியைக் கேட்கக் கூடாது. பல வருடங்களாகத் தேங்கிக் கிடக்கும் பராமரிப்புக்குக் கேட்டே ஆக வேண்டும். புதிய கட்டுமானத்தைக் கடைசியில் வைக்க வேண்டும்.

உபரி எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. வரி போன்ற வரவையும் சம்பளம், பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவையும் காட்டும் வருவாய்க் கணக்கில் தமிழ்நாட்டுக்கு 2013-14 முதல் தொடர்ந்து பற்றாக்குறைதான். கொரோனா ஆண்டான 2020-21இல் அது 62,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆனால் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2005-06 முதல் 2012-13 வரை, 2009-10, 2010-11 ஆகிய இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, வருவாய் உபரி இருந்தது. ஒடிசா சுரங்க வருவாயின் பலத்தில் பல ஆண்டுகளாக உபரி காட்டிவருகிறது. நமக்கும் ஒரு நல்ல ஆண்டு வரலாம். வந்தால் சில வாரங்களுக்குள் பங்கு பிரிந்துவிடும். அந்த நேரத்தில் கையில் தெளிவான கணக்கோடு நிற்பவருக்குத்தான் பணம் போகும். பெரிய உபரி வராத ஆண்டுகளிலும், துறைக்குள் ஒரு தலைப்பில் செலவாகாத தொகையை மார்ச் மாதத்தில் இன்னொரு தலைப்புக்கு மாற்றும்போது இதே கேள்விதான் எழுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வருவாய் உபரி என்றால் கஜானாவில் பணம் சும்மா கிடக்கிறது என்று பொருளில்லை. உபரி காட்டிய ஆண்டுகளிலும் அணை, சாலை, கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்காகத் தமிழ்நாடு கடன் வாங்கத்தான் செய்தது. உபரி இருந்ததால் கொஞ்சம் குறைவாக வாங்கியது, அவ்வளவுதான். ஆகவே உபரியிலிருந்து நாம் ஒரு ரூபாய் கேட்டால், அரசு ஒரு ரூபாய் கூடுதலாகக் கடன் வாங்குகிறது என்றே கொள்ள வேண்டும். கேட்பதற்கு முன் இந்தப் பொறுப்பு நமக்கு இருக்கட்டும்.

பட்ஜெட் புத்தகத்தில் 2702, 4702

அரசியல் சட்டத்தின் 202ஆவது பிரிவு, மாநில பட்ஜெட்டில் வருவாய்க் கணக்குச் செலவைத் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. அந்தப் பிரிவினை நான்கு இலக்கத் தலைப்பு எண்களில் தெரியும். 2 அல்லது 3இல் தொடங்கினால் வருவாய்ச் செலவு; 4 அல்லது 5இல் தொடங்கினால் மூலதனச் செலவு. சிறுபாசனத்தின் நடைமுறைச் செலவு 2702இல் வரும், சிறுபாசனக் கட்டுமானம் 4702இல் வரும். ஏரியின் மதகுக்கு கிரீஸ் போடுவது 2702. புதிய தடுப்பணை 4702.

டெல்லியும் சென்னையும் ஒன்றுபோலச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: 4 நல்லது, 2 கெட்டது. 2003இல் வந்த தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பதைக் குறிக்கோளாக வைத்தது. 2020-21இலிருந்து மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு தரும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் மூலதனச் செலவுக்கு மட்டும்தான். இதன் விளைவு நம் ஊரில் கண்ணுக்குத் தெரிகிறது. புதிதாகக் கட்டப் பணம் கிடைக்கும். கட்டியதைக் காப்பாற்றப் பணம் கிடைக்காது.

ஏரிப் பாசனத்துக்கு இந்தப் பாடம் பொருந்தாது. காவேரிப்பாக்கம் ஏரி மூன்றாம் நந்திவர்மன் காலத்தது. மகேந்திரவாடி ஏரி முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. 1,400 ஆண்டுகள் ஆகின்றன. பழைய வடாற்காட்டின் பெரிய ஏரிகளை எல்லாம் யாரோ எப்போதோ கட்டி முடித்துவிட்டார்கள். நம் தலைமுறைக்கு மிஞ்சியிருப்பது பராமரிப்பு. அந்த வேலை முழுவதும் 2702இல்தான் இருக்கிறது.

நடைமுறைச் செலவுக்கே கேட்டால்?

இந்த வழியை ஆதரிப்பவர்களின் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆதரிக்கக் காரணம் அவர்கள் கண்முன்னே இருக்கிறது.

அணைக்கட்டு ஊர் வட்டாரத்தில் எனக்குப் பழக்கமான ஏரி ஒன்றின் மதகைச் சொல்கிறேன். மதகு மேடையில் ஒரு இரும்புத் திருகு தண்டு. அதன் தலையில் கைச்சக்கரம். அடியில் ஷட்டர் பலகை. சக்கரத்தைச் சுற்றினால் தண்டு ஏறும், பலகை தூக்கும். தண்டின் மரையில் கிரீஸ் இருக்கும்வரை ஒரு ஆள் ஒரு கையால் சுற்றலாம். வருடக்கணக்கில் கிரீஸ் காணாத அந்தத் தண்டு துருப்பிடித்து மரையோடு ஒட்டிக்கொண்டது. நல்ல மழைக்கு ஏரி நிரம்பி, நடவுக்குத் தண்ணீர் திறக்க வேண்டிய நாளில், சக்கரத்தில் கடப்பாறையைக் கொடுத்து மூன்று பேர் தொங்கினார்கள். பலகை பாதி தூக்கியது. தண்டு வளைந்தது. அதன் பிறகு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மணல் மூட்டையும் வைக்கோலும் அடைத்துப் பார்த்தார்கள், கசிவு நிற்கவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் தேவைப்பட்ட மாசியில் ஏரி வறண்டு கிடந்தது. ஒரு டப்பா கிரீசும் ஒரு ஆளின் அரை நாளும் இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம். இப்போது புதிய ஷட்டருக்கு எஸ்டிமேட், தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், டெண்டர் என்று வரிசையில் நிற்க வேண்டும்.

இப்படி ஒரு மதகைப் பார்த்தவர்கள், 'உபரி வந்தால் முதலில் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரைப் போடச் சொல்லுங்கள், துறைக்கு அன்றாடச் செலவுக்குப் பணம் கொடுக்கச் சொல்லுங்கள்' என்று சொல்வதில் வியப்பில்லை. பல ஏரிகளுக்குச் சேர்த்து ஒரே லஸ்கர், ஓய்வு பெற்றவர் இடம் காலி, பொறியாளர் வண்டிக்கு டீசல் இல்லை என்ற குறைகளை ஒவ்வொரு குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கேட்கிறோம்.

அப்படியிருந்தும் உபரியை அங்கே செலுத்துவது நமக்கே பாதகமாகத் திரும்பும் என்கிறேன். ஒரு பணியிடம் ஒரு வருடச் செலவோடு முடிவதில்லை. முப்பது வருடச் சம்பளம், வருடத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படி உயர்வு, பிறகு ஓய்வுக்காலப் பொறுப்பு என்று நீளும். உபரியோ ஒரு வருடத்துச் சங்கதி. 2007-08இல் தமிழ்நாட்டின் வருவாய் உபரி 4,500 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகம். உலகப் பொருளாதாரம் சரிந்தது; 2009இல் ஊதியத் திருத்தமும் வந்தது. 2009-10இல் கணக்கு 3,500 கோடி ரூபாய்ப் பற்றாக்குறைக்குப் புரண்டது. இரண்டே ஆண்டுகள்! 2007-08இன் உபரியை நம்பி யாராவது நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கியிருந்தால், 2009-10இல் கடன் வாங்கித்தான் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

பணக்கார மாநிலங்களுக்கும் இதுதான் கதை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2022 மே மாதம் 9,750 கோடி டாலர் உபரி என்று ஆளுநர் அறிவித்தார். 2023 டிசம்பரில் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் நிதி ஆய்வு அலுவலகம் 6,800 கோடி டாலர் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அங்கே உபரி வந்த ஆண்டில் பெரும்பகுதியை ஒருமுறைச் செலவுகளுக்கு ஒதுக்கியிருந்ததால் விழுந்த அடி ஓரளவு தணிந்தது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. நிதித் துறையின் நினைவாற்றல் கூர்மையானது. இந்த ஆண்டு துறையின் டீசலுக்கும் கிரீசுக்கும் உபரியிலிருந்து கொடுத்துவிட்டால், அடுத்த ஆண்டு வழக்கமான ஒதுக்கீட்டில் அதே அளவு குறையும். கேட்டால் 'போன வருடம் சமாளித்தீர்களே' என்ற பதில் வரும். உபரி மறைந்த பிறகு வழக்கமான ஒதுக்கீட்டையும் இழந்து நிற்போம். ஏரி நிரம்பிக் கோடி போகும், அதாவது வழிந்தோடும், தண்ணீரை நம்பி யாரும் ஆயக்கட்டை (ஏரி பாயும் நிலத்தை) விரிப்பதில்லை. கோடி போகும் தண்ணீருக்குப் பயன் உண்டு. அடுத்த ஏரிக்குப் போகும், கிணறுகளை ஊற வைக்கும். ஆனால் அதை எண்ணி நாற்று விடுபவன் கெட்டான்.

லஸ்கர் பணியிடங்களை நிரப்ப வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதை ஆண்டு பட்ஜெட்டில், துறைச் செலவுக்குச் சட்டமன்ற ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையில், நிரந்தர வரி வருவாயிலிருந்து கேட்க வேண்டும். உபரியோடு சேர்த்துக் கேட்டால் அந்தக் கோரிக்கை வலுவிழக்கும்.

புதிதாகக் கட்டச் சொன்னால்?

உபரிக்கு எப்போதும் முதலில் கைநீட்டுவது இந்த வழி. அடிக்கல், கல்வெட்டு, திறப்பு விழா எல்லாம் இதில்தான் உண்டு. ஒருமுறை வரும் பணத்தை ஒருமுறை செய்யும் வேலைக்குப் போடுவது என்ற அளவில் பார்த்தால் சரியாகத்தான் தெரியும்.

கட்டி முடித்த மறுநாள் என்ன ஆகிறது என்று பாருங்கள். 4702இல் பிறந்த தடுப்பணை அன்றிலிருந்து 2702இன் பொறுப்பில் வந்துவிடும். அதற்கும் ஷட்டர், அதற்கும் கிரீஸ், அதற்கும் ஆள். இருப்பதையே பார்க்க முடியாத தலைப்பில் இன்னும் ஒன்று சேரும். குடியாத்தம் அருகே கவுண்டன்யா ஆற்றின் மோர்தானா அணையால் பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அணையில் தண்ணீர் இருந்தும் கால்வாய் புதர் மண்டியிருந்தால் கடைசி ஏரிக்கு எதுவும் வந்து சேராது என்பது கால்வாயோரத்து விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். அணை 4இல் வரும், கால்வாயைச் சுத்தம் செய்வது 2இல் வரும்.

பாலாற்றுத் தடுப்பணைகளுக்குத் தனி நியாயம் இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் நிலத்தடி நீரை ஏற்ற அது ஒரு வழி. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனதைப் பார்த்த எவருக்கும், இதில் கொஞ்சத்தையாவது தேக்கியிருக்கலாமே என்று தோன்றும். தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் பகுதியில் தேக்குவதை மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். 1996இலும் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசைப் பற்றித் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த விவகாரம் தீராமல் அங்கே நீரைத் தேக்கினால் கழிவையும் சேர்த்துத் தேக்குவோம்.

ஆக, புதிய கட்டுமானம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வட்டியில்லாக் கடன் இருக்கிறது, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் கடன் இருக்கிறது, உலக வங்கித் திட்டங்கள் வந்து போகின்றன. கிரீசுக்குக் கடன் கொடுக்க யாரும் இல்லை. வேறு எங்கும் பணம் கிடைக்காத வேலைக்குத்தான் உபரியில் முதல் உரிமை.

கடனை அடைக்கட்டும் என்று விட்டால்?

பொருளாதாரம் படித்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். 2026 மார்ச் இறுதியில் மாநிலத்தின் கடன் 9 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் என்று 2025-26 பட்ஜெட் மதிப்பிட்டது. 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 100 கோடி ரூபாய் குறைவாகக் கடன் வாங்கினால் ஆண்டுக்கு 7 கோடி மிச்சம். எந்த ஆண்டும் தவறாத மிச்சம் அது. மறுபக்கம், மாநிலங்கள் கையிருப்பை வைக்கும் 14 நாள் கருவூல உண்டியலில் (ஒன்றிய அரசின் குறுகிய காலக் கடன் பத்திரத்தில்) கிடைக்கும் வட்டி, கடனுக்குக் கட்டும் வட்டியைவிடக் குறைவு. கடனையும் வைத்துக்கொண்டு பணத்தையும் அப்படிச் சும்மா வைத்திருப்பது நஷ்டம்.

மாநிலம் முழுவதற்கும் பார்த்தால் இந்த வழியைக் குறை சொல்ல முடியாது. மிச்சமாகும் அந்த 7 கோடி பொதுக் கணக்கில் கரைந்து போகும், ஒரு மதகின் துருவும் அதனால் போகாது என்பதுதான் நம் தரப்பு. பராமரிக்காத மதகும் ஒரு கடன்தான். அதற்கும் வட்டி ஏறுகிறது. இன்று கிரீஸ், நாளை தண்டு, மறுநாள் ஷட்டர், அதற்கும் பிறகு கரை உடைப்பு. அந்த வட்டி 7 சதவீதத்தில் நிற்பதில்லை. உபரி வந்தால் வரியை மக்களுக்கே திருப்பிக் கொடுப்பது அமெரிக்காவின் ஒரேகான், கொலராடோ மாநிலங்களில் சட்டமாகவே இருக்கிறது. இங்கே அதை யாரும் கேட்கவில்லை. ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

ஏரிப்பட்டி காட்டும் வழி

நம் முன்னோர் இந்தச் சிக்கலைத் தீர்த்திருந்தார்கள். ஏரியை வெட்டியவரே அதன் பராமரிப்புக்கென்று ஏரிப்பட்டி நிலத்தையும் ஒதுக்கினார். அந்த நிலத்து வருவாய் வேறு எதற்கும் போகாது. பொன்னை ஊர்ச் சபையிடம் ஒப்படைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஏரியைத் தூர்வாரச் செய்த அறக்கட்டளைகளைப் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்தது. ஒருமுறை கிடைத்த செல்வத்தை ஆண்டுதோறும் வரும் வருமானமாக மாற்றி, அந்த வருமானத்தை ஆண்டுதோறும் வரும் செலவோடு கட்டிப்போட்டார்கள். இன்று நாம் தேடும் விடையே அதுதான்.

பிற்காலத்தில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தை வெள்ளையர் 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கட்டாய உழைப்பாக்கினார்கள். அது நிலைக்கவில்லை. 2017 மார்ச்சில் குடிமராமத்து மீண்டும் தொடங்கியது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். 2019-20இல் ஒதுக்கீடு 500 கோடி அளவுக்கு உயர்ந்தது. பல ஏரிகளுக்கு நல்லது நடந்தது. ஆனால் அது திட்டப் பணம். இருந்த வருடம் இருந்தது, இல்லாத வருடம் இல்லை. நிலையான வருமானம் அதற்குப் பின்னால் இல்லை.

ஆகவே உபரியின் ஒரு பகுதியை மாவட்ட அளவில் ஏரிப் பராமரிப்பு வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியை மட்டும் செலவழிப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. மாரிக்காலத்தில் மட்டும் வேலை செய்யும், வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்கட்டிக்கு ஐப்பசியிலிருந்து தை வரை மதிப்பூதியம், ஆண்டுக்கொரு முறை எல்லா மதகுக்கும் கிரீஸ், கரையில் முள் வெட்டு. இவை நடைமுறைச் செலவுதான். நிரந்தரப் பணியிடம் இல்லாததால் வட்டிக்குள் அடங்கும்.

இதிலும் இரண்டு ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும். 100 கோடிக்கு 7 கோடி வட்டி வந்தால் ஏழையும் செலவழிக்கக் கூடாது. விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் 4 கோடியை அசலிலேயே சேர்க்க வேண்டும். கைக்கு வருவது 3 கோடி. இதை மறைத்துப் பேசினால் பத்து வருடத்தில் நிதி பெயருக்குத்தான் இருக்கும். இரண்டாவது, இப்படி ஒரு தொகை கண்ணில் படும்படி இருந்தால் நெருக்கடி வருடத்தில் அரசு அதில் கை வைக்கும். அரசாணையால் உருவான நிதியை இன்னொரு அரசாணையால் கலைத்துவிடலாம். சட்டமன்றத்தில் சட்டம் போட்டு உருவாக்கினால் கலைப்பதற்கும் சட்டமன்றம் போக வேண்டும். அந்தத் தடையாவது தேவை.

டெக்சாஸ் மாநிலம் இதில் கவனிக்கத்தக்க வேலை செய்தது. 2023இல் பெரிய உபரி வந்தபோது 100 கோடி டாலரை எடுத்து தண்ணீருக்கென்று தனி நிதியம் ஒன்றை மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அமைத்தது. ஒருமுறைப் பணம் போதாது என்று தெரிந்ததும், 2025 நவம்பரில் இன்னொரு வாக்கெடுப்பு. 2027 முதல் 20 ஆண்டுகளுக்கு விற்பனை வரியிலிருந்து ஆண்டுக்கு 100 கோடி டாலர் வரை அந்த நிதியத்துக்கே போகும். உபரி தொடக்கத்துக்கு, நிரந்தர வரி தொடர்ச்சிக்கு என்ற வரிசை சரியானது. நாமும் அந்த வரிசையில் கேட்கலாம்.

தேங்கிய பராமரிப்பும் மார்ச் மாதமும்

வைப்பு நிதியின் வட்டி, நல்ல நிலையில் இருக்கும் ஏரியை நல்ல நிலையில் வைத்திருக்கப் போதும். சீரழிந்த ஏரியைச் சீராக்கப் போதாது. வளைந்த தண்டுகள், உடைந்த கலங்கல்கள் (மிகுநீர் வழியும் இடங்கள்), சரிந்த கரைகள், சீமைக் கருவேலம் அடைத்த வரத்துக் கால்வாய்கள் என்று பல வருடங்களாகச் சேர்ந்து நிற்கும் வேலையை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். கணக்குப் புத்தகம் இதை 2702 என்றே எழுதும். ஆனால் தன்மையில் இது ஒருமுறைச் செலவு, முடித்தால் முடிந்தது. நிதித் துறை 'வருவாய்ச் செலவுக்கு உபரி தர மாட்டோம்' என்று சொன்னால் நாம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: தலைப்பு எண்ணைப் பார்க்காதீர்கள், இந்தச் செலவு அடுத்த ஆண்டும் திரும்ப வருமா என்று பாருங்கள். திரும்ப வராத செலவுக்குத் திரும்ப வராத பணம்.

எப்போது கொடுக்கிறார்கள் என்பதும் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதற்குச் சமமான விஷயம். உபரி இருக்கிறது என்பது திருத்திய மதிப்பீடு வரும் பிப்ரவரி, மார்ச்சில்தான் தெரியவரும். துணை மானியக் கோரிக்கையில் அப்போது பணம் வந்தால் மார்ச் 31க்குள் செலவாக வேண்டும், இல்லையென்றால் சரண்டர், அதாவது நிதித் துறைக்கே திரும்பிவிடும். நல்ல மழை பெய்த வருடத்தில் மார்ச்சில் ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கும். மதகின் அடிப்பலகையைத் தொட முடியாது. ஏரி உள்வாயில் இயந்திரம் இறங்காது. வேலைக்கு ஏற்ற காலம் சித்திரையில் தொடங்கி ஆவணியோடு முடிகிறது. அந்தக் காலத்தில் பணம் இருப்பதில்லை. மார்ச்சில் அவசரத்தில் எழுதப்படும் பில்களில் எது கரைக்குப் போனது, எது காகிதத்தோடு நின்றது என்று கண்டுபிடிப்பதும் கடினம். மார்ச் மாதத்தில் கேள்வி கேட்க ஒப்பந்ததாரரும் விரும்ப மாட்டார், அதிகாரிக்கும் நேரம் இருக்காது. அதனால் உபரியிலிருந்து வரும் பராமரிப்புப் பணம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலவழிக்கும்படி புதிய நிதியாண்டின் ஒதுக்கீட்டில் வர வேண்டும் என்பதை நம் மனுவில் தனி நிபந்தனையாகவே வைக்க வேண்டும். தொகை சற்றுக் குறைந்தாலும் இந்த நிபந்தனையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

என் பங்கீடு

வேலூர் மாவட்டப் பாசனத்துக்கு உபரியிலிருந்து எவ்வளவு கிடைத்தாலும், மூன்றில் இரண்டு பங்கு தேங்கிய பராமரிப்புக்கும் ஒரு பங்கு வைப்பு நிதிக்கும் போகட்டும் என்று கேட்பேன். வைப்பு நிதிக்கு ஆதரவாக அவ்வளவு பேசிவிட்டு அதற்குக் குறைந்த பங்கு ஏன் என்று கேட்கலாம். துருப்பிடித்த தண்டுக்கு கிரீஸ் வாங்க நிதி வைத்துப் பயனில்லை. முதலில் தண்டை மாற்ற வேண்டும். இரண்டாவது முறை உபரி வந்தால் பங்கைத் தலைகீழாக்கலாம்.

குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கத்து நண்பர்கள் சிலர் தடுப்பணைக்கும் ஒரு பங்கு வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய கிணறுகள் வறண்டு கிடப்பதால் அந்த ஆசை வருகிறது. அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர்கள் கேட்கும் இடத்தில், ஏற்கெனவே இருக்கும் தடுப்பணையின் பழுதை நீக்குவதைத் தேங்கிய பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். புதியதை 4702இல் தனி மனுவாகக் கொடுக்கலாம். ஒரே மனுவில் இரண்டையும் எழுதினால் அரசு புதியதை எடுத்துக்கொண்டு பழையதை விட்டுவிடும்.

பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இல்லாத முன்னுரிமை ஏரிக்கு ஏன் என்று கேட்டால், முன்னுரிமை கேட்கவில்லை என்பேன். அவர்களும் தங்கள் தேங்கிய பராமரிப்பைப் பட்டியலிட்டுக் கேட்கட்டும். ஒழுகும் வகுப்பறைக் கூரைக்கும் இதே வாதம் அப்படியே பொருந்தும்.

பட்டியல்தான் நம்மிடம் இல்லாதது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. முதலில் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு தாள். மதகுகள் எத்தனை, எந்தத் தண்டு சுற்றுகிறது, எது சுற்றவில்லை, கலங்கலில் எத்தனை மீட்டர் உடைந்திருக்கிறது, கரை எந்த இடத்தில் சரிந்திருக்கிறது, வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது. தண்டும் மரையும் தெரியும்படி ஒரு படம், கலங்கல் தெரியும்படி ஒரு படம். ஏரி காய்ந்திருக்கும் ஆனி, ஆடியில் இதைச் செய்தால்தான் உள்மதகின் நிலை தெரியும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இன்னொன்றைச் சங்கத்தில் வைத்திருங்கள். பொங்கலுக்கு முன்னால் எல்லாச் சங்கங்களின் தாள்களும் ஒன்று சேர்ந்தால், பட்ஜெட்டுக்கு முந்தைய மனுவில் 'கூடுதல் நிதி' என்று எழுதும் இடத்தில் தொகையை எழுதிவிடலாம்.